பார்சல் வாங்குமிடம்

வருகைப் பதிவேட்டில் ஒரே ஒரு பெயர்தான் இருந்தது. அதுவும் பேனா எழுதுகிறதா என்று பார்க்க தமிழ்நிலா எழுதிய அவளுடைய பெயர்.

கல்லூரி முதல்வர் கோபாலகிருஷ்ணன் பதிவேட்டை மூடினார். "மூணு மாசமா ஒரு புள்ளகூட வரலையாம்மா? ரெண்டு மாசத்துல கமிட்டி வருது. ஆளே வராத உதவி மையத்த மூடிடுவாங்க. உன் கான்ட்ராக்டும் அதோட சரி."

தமிழ்நிலாவுக்கு வேதியியல் முடித்ததும் கிடைத்த முதல் வேலை. பாடம் புரியாத விடுதிப் பெண்களுக்கு உதவ வேண்டும். வேதியியலில் நாற்பது பேர் தேறவில்லை. அந்த நாற்பதில் ஒருத்திகூட அவள் வாசலை மிதிக்கவில்லை.

"ஏன் வரமாட்டேங்கறீங்க?" என்று இரண்டாம் ஆண்டு பொற்கொடியைக் கேட்டாள்.

"உங்க ரூம் வாசல் ரோட்டப் பாத்து இருக்கு மேடம். ரெண்டு மணிக்கு ஷிப்ட் முடிஞ்சி மைன்ஸ் பஸ்ஸு இப்படித்தான் போவுது. ஜன்னலோரம் எங்கப்பா. 'இன்னா, உம்பொண்ணு மக்காமே?'ன்னு ஆர்ச் வாசலத் தாண்டறதுக்குள்ள நாலு பேர் கேட்டுடுவாங்க."

நியாயம்தான். தமிழ்நிலாவின் அப்பாவும் அந்தச் சுரங்க பஸ்ஸில் வருகிறவர்தான்.

முதலில் வாசலில் பச்சைத் திரை தொங்கவிட்டாள். மறுநாளே விடுதிக் காப்பாளர் ஜானகியம்மாள் வந்து நின்றார்.

"திரை போட்டுக்கினு உள்ள இன்னா நடக்குதுன்னு மூணு அப்பாருங்க போன் பண்ணிட்டாங்க."

திரையைக் கழற்றினாள்.

அடுத்து, வாசலில் இருந்த பெயர்ப்பலகையின் மேல் காகிதம் ஒட்டி 'பார்சல் வாங்குமிடம்' என்று எழுதினாள். பார்சல் வாங்கப் போகும் பெண்ணை எந்த அப்பா கேள்வி கேட்பார்?

கூரியர்காரருக்கும் தமிழ் படிக்கத் தெரியும் என்பதை அவள் யோசிக்கவில்லை.

மறுநாள் காலை கூரியர் பெரியண்ணன் பதினோரு டப்பாக்களை அவள் மேசையில் இறக்கினார். "நல்லதாப் போச்சும்மா. ஆஸ்டலுக்கும் கேட்டுக்கும் நடந்து முட்டி போச்சு. இனிமே இங்கயே குடுத்துடறேன்."

"அண்ணே, இது சும்மா..."

"கையெழுத்து போடும்மா."

மறுத்துப் பேசுவதைவிடக் கையெழுத்துப் போடுவது சுலபமாக இருந்தது. போட்டாள்.

பெண்கள் வந்தார்கள். டப்பாவைத் தேடும்போதே, "மேடம், இந்த மோல் கணக்கு மட்டும்..." என்று நோட்டை நீட்டினார்கள். சொல்லிக்கொடுத்தாள். பாதிப் பேர் டப்பாவை மறந்துவிட்டுப் போனார்கள். மறுநாள் எடுக்க வந்தார்கள், மறுபடியும் மறந்தார்கள். டப்பாக்கள் கூரையைத் தொட்டன. நடுவில் வருகைப் பதிவேட்டை அவளும் மறந்தாள்.

இரண்டு மாதம் கழித்து வந்த கமிட்டித் தலைவர் ஜெயப்பிரகாஷ் வளாகத்தை இரண்டு முறை சுற்றிவிட்டு, "எங்கங்க உதவி மையம்?" என்றார். முதல்வர் கைகாட்டிய பலகையைப் படித்துவிட்டு, அவரையே ஒரு பார்வை பார்த்தார்.

உள்ளே டப்பா மலை. மேசையில் அதே ஒற்றைப் பெயரோடு வருகைப் பதிவேடு. பக்கத்தில் டப்பா தேடி வந்தவர்களின் பெயர்கள் நிரம்பி வழியும் பார்சல் நோட்டு.

"சார், நாப்பது பேரும் இந்தத் தடவை பாஸ்." வேலைக்குச் சேர்ந்த பிறகு முதன்முறையாகத் தமிழ்நிலாவின் குரல் அறையின் மறுகோடி வரை கேட்டது. "ஒவ்வொருத்தரும் இங்க உக்காந்து படிச்சவங்க."

"சந்தோஷம்மா. ஆனா உதவி கேட்டு ஒருத்தர்கூட வரலன்னு உங்க ரிஜிஸ்டரே சொல்லுதே? பார்சல் வாங்க வந்தவங்கள உதவிக்கு வந்தவங்கன்னு நான் எப்படி எழுதறது?" பேனாவைத் திறந்தார். "மையம் தேவையில்ல. மூடிடலாம்."

முதல்வர் தரையைப் பார்த்தார். வாசலில் நின்ற பொற்கொடி உதட்டைக் கடித்துக்கொண்டாள். அவளைத் தாண்டி, புதிதாக ஆறு டப்பாக்களோடு உள்ளே நுழைந்தார் பெரியண்ணன்.

"ஐயா, எழுதறதுக்கு மின்ன ஏதாச்சும் ஒரு டப்பாவத் தூக்கிப் பாருங்க. எல்லாம் வெறும் டப்பாங்க. இந்த ரூமுக்கு வர்றதுக்கு ஒரு சாக்கு வோணும்னு, இந்தப் புள்ளைங்களே மெயின் பஜார்ல நம்ம கூரியர் ஆபீசுக்கு வந்து அதுங்க பேருக்கே அனுப்பிக்கினு இருக்குதுங்க!"