லோரியில் மாட்டிய அம்புக்குறி

நான் உதவி செய்யப் போகாத இடங்களில் எல்லாம் காரியம் ஒழுங்காகத்தான் நடக்கிறது. இதை ஒத்துக்கொள்ள எனக்கு ஐம்பது வயதாக வேண்டியிருந்தது.

போன பள்ளி விடுமுறை முழுக்க என் மகள் தர்ஷினி காடுமேடெல்லாம் ஓடும் குறுக்கோட்டப் பயிற்சியில் இருந்தாள். தினமும் விடியலில் எழுந்து, கிள்ளானிலிருந்து டெங்கில் பக்கம் எண்ணெய் எடுக்கும் ஒரு செம்பனைத் தோட்டத்துக்கு அவளைக் கொண்டுபோய் விடுவது என் பொறுப்பு. (ஓடியது அவள். களைத்தது நான். தொப்பை மட்டும் அப்படியே இருந்தது.)

கடைசி நாள் தேர்வு ஓட்டம். மாவட்டக் குழுவில் ஓர் இடம்தான் பாக்கி. ஓடுவது ஆறு பெண்கள். பயிற்சி கொடுக்கும் டீச்சர் என்னிடம் ஓர் அம்புக்குறிப் பலகையைக் கொடுத்து, இரண்டாவது முச்சந்தியில் இடப்பக்கம் காட்டுகிற மாதிரி மாட்டிவிட்டு அங்கேயே நிற்கச் சொன்னார்.

செம்பனை மரத்தில் பலகை நிற்கவில்லை. பக்கத்தில் பழக்குலை ஏற்றும் லோரி. டிரைவர் காலை ஜன்னலில் நீட்டித் தூங்கிக்கொண்டிருந்தார். லோரியின் பின்கதவில் மாட்டிவிட்டு, மோட்டார் சைக்கிளில் தேத்தண்ணீர் குடிக்கப் போனேன். அந்த லோரி முச்சந்திக்கு முச்சந்தி நகர்ந்து குலை ஏற்றும் என்று பிரிக்ஃபீல்ட்ஸ் அடுக்குமாடியில் வளர்ந்தவனுக்கு எப்படித் தெரியும்?

திரும்பி வந்தால் லோரி இல்லை, பலகை இல்லை, ஒரு பிள்ளையும் இல்லை. டீச்சர் போன் செய்தார்.

“அண்ணே, பிள்ளைங்க எங்க?”

“வந்துகிட்டே இருக்காங்க டீச்சர்” என்றேன். பிறகு மோட்டாரில் ஏறி, ஆறு அம்மாக்களிடம் என்ன சொல்வது என்று ஒத்திகை பார்த்தபடி, செம்பனை மரங்களைப் பார்த்துப் பெயர் பெயராகக் கத்தினேன். (ஒரு பெயர் மறந்துவிட்டது. அதற்கும் சேர்த்து ‘தர்ஷினி’ என்றே கத்தினேன்.)

லோரி மூன்றாவது முச்சந்தியில் நின்றபோது பலகையைப் பார்த்து இடப்பக்கம் திரும்பிய பெண்கள், எண்ணெய் ஆலை வாசலில் உட்கார்ந்திருந்தார்கள். ஆலை மேலாளர் வேன் கொடுத்தார். ஐந்து பேர் ஏறினார்கள். என் மகள் ஏறவில்லை.

“பலகைய லோரியில மாட்டுனது யாரு?” என்று கேட்டாள்.

நான் பள்ளிக்கூடப் பிள்ளை மாதிரி கையைத் தூக்கினேன்.

“நான் ஓடியே வரேன். நீங்க பின்னாடி வராதீங்கப்பா.”

கொளுத்தும் வெயிலில் இன்னும் நான்கு கிலோமீட்டர். நூறு அடி தள்ளி, மோட்டாரை மெதுவாக ஓட்டிக்கொண்டே வந்தேன். என் மேல் இருந்த கோபத்திலேயே ஓடினாள்; ஒரு தடவைகூட நடக்கவில்லை.

டீச்சர் கடிகாரத்தை எப்போதோ நிறுத்தியிருந்தார். அவள் வந்து சேர்ந்ததும், “டைமெல்லாம் இனிமே பார்க்க வேணாம் லா. டீமுக்கு இவதான்” என்றார்.

இப்போது ஒவ்வொரு போட்டிக்கு முன்னும் என் மகள் கூட்டத்தில் என்னைத் தேடி வருவாள். ஆசீர்வாதத்துக்கு இல்லை.

“அப்பா, மூஞ்சிய கொஞ்சம் காட்டுங்க. இன்னும் கோவம் வரல.”