மாச்சு பிச்சுவுக்கு நான் வராததற்கான காரணங்கள்

தென்காசி

மதிப்பிற்குரிய மாப்பிள்ளை மணிகண்டபிரபு அவர்களுக்கு,

மாமனார் கோமதிசங்கர் எழுதுவது. இங்கே நாங்களும் சுகம், சாரலும் சுகம். சென்னையில் நீங்களும் கிருபாவும் சுகமாக இருக்க விசுவநாதர் துணை. வாட்ஸ்அப்பில் அனுப்பினால் உங்கள் அத்தை படித்துவிடுவாள் என்பதால் கடிதமாக எழுதிக் கூரியரில் அனுப்புகிறேன்.

பெரு நாட்டு மலைமேல் இன்கா ராஜா கட்டிய ஊரைப் பார்க்க எங்களுக்கும் சேர்த்து டிக்கெட் போட்டிருக்கிறீர்கள். சந்தோஷம். என் டிக்கெட்டை ரத்து செய்துவிடுங்கள். முப்பத்திரண்டு வருஷம் ஓவர்சியராக இருந்தவனை, இடிந்த சுவர் பார்க்கவா விமானத்தில் ஏற்றுவது? அதற்குக் கடையம் பஸ்ஸில் ஏறி நினைத்த இடத்தில் இறங்கினால் போதாதா? கூரை இல்லாத வீடு, கதவு இல்லாத வாசல், இதற்கு நுழைவுச்சீட்டு வேறு. ஊரை ஏன் காலி செய்தார்கள் என்பது மர்மமாம். என்ன பெரிய மர்மம்? தாளிக்கக் கடுகு தீர்ந்தால் ஒரு மலை இறங்கி ஏற வேண்டும், எந்தப் பொம்பளை இருப்பாள்? மேகம் காலடியில் போகுமாம். குற்றாலத்தில் மேகம் லாட்ஜ் அறைக்குள்ளேயே வந்து துண்டைக் காயவிடாமல் பண்ணுகிறது, யாராவது அதிசயம் என்றார்களா? அங்கே மூச்சு முட்டினால் ஏதோ இலையைக் கொதிக்கவைத்துக் கொடுப்பார்களாம். நல்ல உபசாரம்.

அத்தை இதையெல்லாம் காதில் வாங்கினால்தானே. சாந்தே வைக்காமல் அடுக்கிய அந்தக் கல்லிடுக்கில் கத்திகூட நுழையாது என்று பக்கத்து வீட்டு நூர்நிஷாவிடம் மூன்று நாளாக அதே பேச்சு. எனக்குப் பொறுக்கவில்லை. "ஏட்டி, நான் கட்டுன காம்பவுண்டு சுவர்லயும் நுழையாது, வந்து பாரு" என்று இருவரையும் நிற்கவைத்து, அடுக்களைக் கத்தியை நானே செருகினேன். பிடிவரை போய்விட்டது. இழுத்தால் கத்தி வரவில்லை, செங்கல் வந்தது, அதன் பின்னாலேயே நாலடிச் சுவர் நூர்நிஷா வீட்டு முருங்கைமேல் சாய்ந்தது.

"நெசமாவே ஓவர்சியர் வேலதான் பாத்தியளா?" என்றாள் அத்தை. "நீங்க வராட்டா போங்க. நான் நூர்நிஷாவக் கூட்டிட்டுப் போயிருதேன்."

"எங்கிட்ட பாஸ்போர்ட் இருக்குக்கா, துபாய் போறதுக்கு எடுத்தது" என்கிறாள் அவள், முருங்கைக்கிளையைக் கையில் வைத்துக்கொண்டு.

மறுநாளே அத்தை, மலையேறப் பயிற்சி என்று பண்பொழி திருமலைக்கோயில் படியேறப் போனாள். நானும் போனேன். பாதியில் உட்கார்ந்துவிட்டு, படி அளவெல்லாம் சரியாக இருக்கிறதா என்று பார்ப்பதாகச் சொன்னேன். அவள் உச்சியிலிருந்து கையாட்டினாள். உள்ளதைச் சொல்கிறேன் மாப்பிள்ளை, எனக்குப் பயமாக இருக்கிறது. மூச்சு முட்டினால்கூடப் பரவாயில்லை. நான் கீழே உட்கார்ந்திருக்க, அவள் தனியாக மேலே போய்ப் பார்த்துவிட்டு வருவதை என்னால் தாங்க முடியாது. முப்பத்தெட்டு வருஷமாகக் குற்றாலத்தைக் காட்டியே, இதற்கு மேல் உலகத்தில் ஒன்றுமில்லை என்று சொல்லி வைத்திருக்கிறேன்.

ஆகவே ரத்து. முடிவு முடிவுதான். திருமலைக் குமாரன் உங்களுக்கு நீண்ட ஆயுளும், மாமனார் பேச்சைக் கேட்கும் புத்தியும் தரட்டும்.

ஆசிகளுடன்,
கோமதிசங்கர்

பி.கு.: ஒட்டிய உறையைப் பிரித்து எழுதுகிறேன். நீங்கள் அனுப்பிய மாச்சு பிச்சு வீடியோவை அத்தை மறுபடி போட்டாள், சும்மா கண்ணில் பட்டது. அந்த இன்காக்காரன் ஊருக்கு அடியில் கல்லும் சரளையும் போட்டு, எங்கே பார்த்தாலும் வடிகால் வைத்திருக்கிறான். ஐந்நூறு வருஷ மழைக்கு மலை சரியவில்லை. நான் போட்ட வடிகாலுக்கு நேற்றைய சாரலிலேயே நம் வாசலில் கணுக்கால் தண்ணீர். அந்தப் பயல் எப்படிச் செய்தான் என்று பார்க்காமல் என்னால் இருக்க முடியாது. டிக்கெட்டைத் தொடாதீர்கள். சுவர் நேராக நிற்கிறதா என்று பார்க்கிற என் தூக்குக்குண்டைக் கைப்பையில் வைத்தால் விமானத்தில் விடுவார்களா என்று விசாரித்துச் சொல்லுங்கள். அத்தை முன்னால் ஏறட்டும். நான் வடிகாலைப் பார்த்துக்கொண்டே பின்னால் வந்துவிடுகிறேன்.