மாமனாரைக் கடிக்க வைத்த சால்மன்

இதை எழுதவே வேண்டாம் என்றுதான் இருந்தேன். எழுதினால் அவனுக்குத் தலைக்கனம் ஏறும். ஆனாலும் உண்மையைச் சொல்லித்தான் ஆகவேண்டும். செங்கல்பட்டிலிருந்து மாமல்லபுரம் வரை சல்லடை போட்டுத் தேடினாலும் காதால் சாப்பிடுகிற ஆள் ஒருத்தன்தான் கிடைப்பான். கேளம்பாக்கத்தில் என்னோடு ரூமில் இருந்த ஏசி மெக்கானிக். பேரெல்லாம் வேண்டாம், ஊருக்கே அவன் மொறுமொறு.

வடையைக் காதுக்குப் பக்கத்தில் வைத்து உடைப்பான். சத்தம் வந்தால்தான் அது வாய்க்குப் போகும். ஒருநாள் டீக்கடையில், "இன்னா அண்ணாத்த, பஜ்ஜி மூச்சே வுடல?" என்று கேட்டான். கடைக்காரர் கரண்டியோடு துரத்தினார். ஓடினது நானும்தான்.

இப்படிப்பட்டவனுக்கும் காதல் வந்தது. பெண்ணுக்குப் புதுப்பட்டினம். அப்பா சொந்தப் படகில் மீன் பிடிக்கிறவர். மாப்பிள்ளையைப் பார்க்க எங்கள் ரூமுக்கே வருவதாகச் சொல்லியனுப்பினார். சம்பந்தம் முடிவாகிற வரைக்கும் பெண் வீட்டார் மாப்பிள்ளை வீட்டில் கை நனைக்க மாட்டார்கள். ஒரு வாய் சாப்பிட்டால் சம்மதம் என்று அர்த்தம்.

"அவர சாப்பிட வெக்கிறேன் பாரு" என்றான் மொறுமொறு.

"வஞ்சிரம் வறுத்து வையேன்."

"எந்தப் போட்டுல வந்துச்சு, எப்போ வந்துச்சுன்னு சொல்லிட்டு எழுந்து பூடுவாரு. அவருக்கே தெரியாத மீனு வேணும் மச்சான்."

சூப்பர் மார்க்கெட் ஃப்ரீசரிலிருந்து சால்மன் வந்தது. தலையும் இல்லை, முள்ளும் இல்லை. பார்க்க ரோஸ் கலர் சோப்புக்கட்டி. துண்டு போட்டு, என் புது டவலால் ஈரம் துடைத்து, உப்பும் மிளகும் தடவி, சோள மாவில் புரட்டி, முட்டையில் முக்கி, நொறுக்கின ரஸ்க்கில் உருட்டி எண்ணெயில் போட்டான். சாஸுக்கு, ஊறவைத்த காய்ந்த மிளகாயையும் பூண்டையும் அரைத்து மயோனைஸில் கலந்து எலுமிச்சை பிழிந்தான். சோதனை எலி நான். அவன் காது என் கன்னத்தில் ஒட்டியிருந்தது.

"கடி. மெல்லாத! மொத கடி மட்டும்."

"சுடுதுடா!"

"பேசாத, சத்தம் கெட்டுடும்."

சொன்னபடி பெண்ணின் அப்பா, அந்தப் பெரியவர், தன் தம்பியோடு வந்து நாற்காலி நுனியில் உட்கார்ந்தார். "தண்ணிகூட வேணாம்பா" என்றார். மொறுமொறு வற்புறுத்தவில்லை. தட்டை அவர் முன்னால் வைத்து, தானே ஒன்றை எடுத்துக் கடித்தான். கறுக்!

பெரியவர் நிமிர்ந்தார். "இன்னா மீனு இது?"

"சால்மன் மாமா."

"தலை எங்க? செவுளப் பாக்காம எப்டி நம்புறது?"

"வரும்போதே தலை இல்ல மாமா."

"எந்தக் கடல்ல கீது?"

அவனுக்குத் தெரியவில்லை. எனக்கும்தான். முன்னால் இருக்கிற மீன் தனக்குத் தெரியாது என்பதைப் பெரியவரால் தாங்க முடியவில்லை. ஒன்றை எடுத்துக் கடித்தார். கறுக்!

தம்பி அலறினார். "அண்ணாத்த! கை நனைச்சிட்டியே!"

"அடச்சே, இது சாப்பாடாடா? இன்னா மீனுன்னு பாத்தேன், அவ்ளோதான்."

மொறுமொறுவின் முகம் நமுத்த அப்பளமானது. பெரியவர் எழுந்து கதவு வரை போய்விட்டார். அங்கே நின்று திரும்பி சாஸ் கிண்ணத்தைப் பார்த்தார். விறுவிறுவென்று வந்தார், இன்னொரு துண்டை எடுத்து அடிவரை முக்கி வாயில் போட்டுக்கொண்டார். கண்ணில் தண்ணீர் கொட்டியது.

"எம் பொண்ணுக்கு இவ்ளோ காரம் ஆவாது. கொறச்சுப் போடு, மாப்ள."

கல்யாணம் ஆகி அவன் புதுப்பட்டினத்துக்கே போய்விட்டான். நேற்று ரூமில் அப்பளம் பொரித்தேன். நன்றாகத்தான் பொரிந்தது. ஆனால் பக்கத்தில் ஒரு காது இல்லாமல் கடிக்க மனசு வரவில்லை. "ரூம்ல சத்தமே இல்லடா" என்று மெசேஜ் போட்டேன்.

உடனே பதில் வந்தது. "கால் பண்ணிட்டு கடி மச்சான், கேக்கறேன்."