யாராலும் அவிழ்க்க முடியாத முடிச்சு

ஒரு காரியம் முடியாது என்று சொல்ல அலுவலகங்களில் பொதுவாக ஐந்து நிமிடம் போதும். முடிச்சக்காவுக்கு ஒன்பது வருடம் பிடித்தது. அவள் கணிதம் படித்தவள் என்பதால் அதை நிரூபிக்கவும் வேண்டியிருந்தது.

கணித ஆய்வு நிலையத்தில் அவளுக்கு இருந்த பெயரே முடிச்சக்காதான். ஒரு கயிற்றில் முடிச்சுப் போட்டு, இரண்டு நுனிகளையும் ஒன்றாக ஒட்டிவிட்டால், வெட்டாமல் அதை அவிழ்க்க முடியுமா, முடியாதா? இதுதான் அவளுடைய ஆராய்ச்சி. வீட்டில் இதற்கு வேறு மரியாதை. சிக்கிய சங்கிலி, சுருண்ட ஒயர் எல்லாவற்றையும் நாத்தனார் கொண்டுவந்து அவள் மடியில் போடுவாள். "இதுக்குத்தானே அண்ணி படிச்சீங்க" என்பாள். நாத்தனார் வீட்டு முன்னறையில் குடியிருக்கும்போது பதில் சொல்லவா முடியும்?

தனியாக வீடு பார்க்கப் போகாமல் இல்லை. போன இடத்தில் எல்லாம் ஒரே கேள்வி, "வேலை நிரந்தரமா?" நிலையத்தில் மற்ற முப்பது பேரும் நிரந்தரம், அவள் ஒருத்திதான் தற்காலிகம். அதனால் அவளுக்கு அந்த வேலை நிரந்தரமாக வேண்டும். வெறும் கௌரவத்துக்காக இல்லை, இரவில் கதவைச் சாத்திக்கொண்டு கணவனோடு உரக்கச் சண்டை போட ஒரு வீடு வேண்டும் என்பதற்காக.

கடைசியில் நிரூபித்துவிட்டாள். ஒரு புது வகை முடிச்சை யாராலும், எக்காலத்திலும் அவிழ்க்க முடியாது. உலகத்தில் அது புரியக்கூடிய ஏழெட்டுப் பேரும் படித்துப் பார்த்துச் சரி என்றார்கள். வேலை நிரந்தரமாக இனி இயக்குநர் கையெழுத்துதான் பாக்கி.

"ஒன்பது வருஷமா என்ன பண்ணினீங்க?" என்று இயக்குநர் கேட்டார்.

"இந்த முடிச்சை அவிழ்க்க முடியாதுன்னு நிரூபிச்சேன் சார்."

"உங்களால முடியல."

"யாராலும் முடியாது சார்."

"என்னாலயும்தான் முடியாது. அதுக்கு நான் ஒன்பது வருஷம் எடுத்துக்கலையே."

பக்கத்து அறையில் இருந்த பயன்பாட்டுக் கணிதக்காரரைப் பற்றி இந்த இடத்தில் சொல்லியாக வேண்டும். அவருக்கும் முடிச்சில்தான் ஆராய்ச்சி. சாத்தினால் நிற்காத தன் அறைக் கதவை அவர் ஒரு கயிற்றால் இழுத்துக் கட்டினார். கதவு நின்றது. 'சமுதாயப் பயன்: கதவு' என்று எழுதிக் கொடுத்தார். மறு வாரமே பதவி உயர்வு. இயக்குநர் அந்தக் கதவைப் போய்ப் பார்த்துவிட்டும் வந்தார்.

கையெழுத்துக்கு முன் சரிபார்க்க முடிச்சக்காவின் கோப்பு பிரிவு அலுவலர் மேஜைக்குப் போயிற்று. சாமி வரம் கொடுத்தாலும் பூசாரி வரம் கொடுக்க வேண்டுமே. அவர் ஒரு சொல்லின் கீழ் சிவப்புக் கோடு போட்டுத் திருப்பிக் கொண்டுவந்தார்.

"இதுல யாராலும்னு இருக்கு. யார் யாருன்னு விவரம் இல்லையேம்மா."

"யாராலும்னா எல்லாரும்தான் சார். அதான் நிரூபணம் இருக்கே."

"நிரூபணம் உங்களோடது. நாளைக்கு ஒருத்தர் வந்து, என்னைக் கேட்டீங்களான்னு கேட்டா நான்தானே பதில் சொல்லணும்? எல்லாரையும் கேட்டுடலாம். ஒரு குறையும் வராது."

உத்தரவு வந்தது. மேற்படி முடிச்சை அனைவரும் தலா பத்து நிமிடம் நேர்மையான முறையில் அவிழ்க்க முயன்று, தத்தம் இயலாமையை எழுத்து மூலம் உறுதி செய்ய வேண்டும். கயிறு வேண்டுமே? பயன்பாட்டுக் கணிதக்காரர் தம் கதவுக் கயிற்றில் மிச்சம் இருந்ததைக் கடனாகக் கொடுத்தார். முடிச்சக்கா அதில் தன் முடிச்சைப் போட்டாள். நுனிகளை ஒட்டி, ஒட்டின இடத்தில் அரக்கு முத்திரை வைத்தார்கள். அதற்கப்புறம் அதை வெட்ட எவனுக்குத் துணிச்சல் வரும்?

முதலில் ஊழியர்கள் முயன்றார்கள். வாசல் காவலாளி பல்லால் கடித்துப் பார்த்தார். டீ கொண்டுவருபவர் வெந்நீரில் ஊறப்போட்டுப் பார்த்தார். முடிச்சக்காவும் வரிசையில் நின்றாள். பத்து நிமிடம் கயிற்றை மடியில் வைத்துக்கொண்டு சும்மா இருந்தாள். பிறகு 'இயலவில்லை' என்று எழுதி, அடியில் வளைத்துக் கையெழுத்துப் போட்டாள். அவ்வளவு சந்தோஷமாக அவள் எதிலும் கையெழுத்துப் போட்டதில்லை. கல்யாணப் பதிவேட்டில்கூட.

பிறகு பொதுமக்கள் வந்தார்கள். வரிசை நிலையத்தின் வாசலில் தொடங்கித் தெருமுனை திரும்பி, தபால் பெட்டியைத் தாண்டிப் போயிற்று. முயன்றவர்களுக்கு ஒரு சான்றிதழ்: 'இவர் நேர்மையாக முயன்று தோற்றவர்.' இங்கேதான் விஷயம் கைமீறியது. ஒருவர் அதைச் சட்டம் போட்டு மாட்டினார். அடுத்த வீட்டுக்காரர் சும்மா இருப்பாரா? வேலைக்கு ஆள் எடுப்பவர்கள், "எல்லாம் சரி, நீங்க இன்னும் தோக்கலையே" என்று திருப்பி அனுப்பினார்கள். எதிர்ச் சாரியில் ஒரு பயிற்சி நிலையம் முளைத்தது. பத்தே நாளில் நேர்மையாகத் தோற்கக் கற்றுத் தரப்படும் என்று பலகை வைத்தார்கள். நாத்தனாரும் அதில் சேர்ந்து தோற்று, சான்றிதழை முன்னறையில், முடிச்சக்கா தலைக்கு மேலேயே மாட்டினாள்.

"ஒன்பது வருஷம் படிச்சு நீங்க கண்டுபிடிச்சதைப் பத்து நிமிஷத்துல கண்டுபிடிச்சுட்டேன் அண்ணி" என்றாள்.

எல்லாரும் தோற்றுத் தீர்ந்தார்கள். ஒரே ஒரு கையெழுத்து பாக்கி. இயக்குநருடையது.

"நீங்க மட்டும்தான் சார்" என்று முடிச்சக்கா கெஞ்சினாள்.

இயக்குநர் கயிற்றை வாங்கி மேஜைமேல் வைத்துக்கொண்டார். "முடியலைன்னு ஊழியர் எழுதலாம், ஊர் எழுதலாம். ஒரு இயக்குநர் எழுத்துல கொடுத்தா மேலிடத்துல என்ன நினைப்பாங்க? முயற்சி நடந்துக்கிட்டிருக்குன்னு போடுங்க."

முயற்சி நடந்தது. பார்வையாளர் யாராவது வந்தால் அவர் கயிற்றை எடுத்து ஒரு இழுப்பு இழுப்பார். போனதும் வைத்துவிடுவார். இப்படியே இரண்டு வருடம் ஓடியது. மேலிடத்தில் அவருடைய விடாமுயற்சியைப் பாராட்டி இன்னும் பெரிய நாற்காலிக்கு மாற்றினார்கள். கயிற்றை மேஜையிலேயே விட்டுவிட்டுப் போனார்.

புது இயக்குநர் வரும்வரை நாற்காலியில் யாரை உட்காரவைப்பது? பிரிவு அலுவலர் விதிகளைப் புரட்டினார். பொறுப்பு இயக்குநர் பதவி தற்காலிகமானது. தற்காலிகப் பதவியில் நிரந்தர ஊழியரை எப்படி அமர்த்துவது? தற்காலிக ஊழியர்தான் அமர வேண்டும். அப்படி இருந்தது நிலையத்திலேயே ஒரே ஒரு ஆள்.

முடிச்சக்கா நாற்காலியில் உட்கார்ந்தாள். அது சுழன்றது. காலை முழுவதும் அவள் மெதுவாகச் சுழன்று பார்த்தாள். கதவைத் தட்டிவிட்டு உள்ளே வந்த பிரிவு அலுவலர் முதல் தடவையாக நின்றுகொண்டே பேசினார்.

"உங்க கோப்பு மேடம். இயக்குநர் இயலவில்லைன்னு ஒரு வரி எழுதிட்டா முடிஞ்சுது. இன்னைக்கே நிரந்தரம்."

"நான்தான் ஏற்கெனவே எழுதிட்டேனே?"

"அது தற்காலிக ஊழியர் எழுதினது மேடம். இது இயக்குநர் எழுதுறது."

முடிச்சக்கா பேனாவைத் திறந்தாள். ஒன்பதும் இரண்டும் பதினொரு வருடம் காத்திருந்த வரி. 'இ' என்று தொடங்கப் போன நேரத்தில் அவர் இருமினார்.

"ஒரு தகவலுக்குச் சொல்றேன். இயக்குநர் பதவிக்கு நிரந்தரமா யாரைப் போடலாம்னு மேலிடம் பேர் கேட்டிருக்கு. இயக்குநர் குடியிருப்பும் காலியாத்தான் இருக்கு, மாடி வச்ச வீடு. ஆனா முடியாதுன்னு எழுதினவங்க பேரை அனுப்புற வழக்கம் இல்லை."

பேனா அங்கேயே நின்றது. முடிச்சக்கா ஜன்னலைப் பார்த்தாள், கோப்பைப் பார்த்தாள், கயிற்றைப் பார்த்தாள். இந்த முடிச்சு அவிழாது என்பது இந்த உலகத்தில் அவளைவிட யாருக்கும் நன்றாகத் தெரியாது. அவள் பேனாவை மூடினாள்.

"அந்தக் கயிறை இப்படிக் கொடுங்க" என்றாள். "அவசரப்பட்டு எதையும் எழுதிடக் கூடாது."

"முயற்சி நடைபெற்று வருகிறதுன்னு போட்டுடறேன் மேடம்" என்று அவர் கோப்பை எடுத்துக்கொண்டு போனார்.

சாயங்காலம் கணவன் போன் செய்தான். பின்னால் நாத்தனார் யாரையோ அதட்டிக்கொண்டிருந்தாள்.

"கையெழுத்துப் போட்டாச்சா? நாளைக்கு வீடு பாக்கப் போகலாமா?"

முடிச்சக்கா போனைத் தோளில் இடுக்கிக்கொண்டாள். இரண்டு கையிலும் கயிறு இருந்தது.

"கொஞ்சம் பொறுங்க" என்றாள். "ஒரு பக்கம் லேசா தளர்ந்த மாதிரி இருக்கு."