சுவர் மட்டும் சிவக்கவில்லை

"மாப்ளே, இது என்ன கலரு?" என்று கேட்டார் மாமனார், கணினித் திரையில் மூக்கு உரசும் தூரத்தில் நின்றபடி.

"சாம்பல், மாமா."

"நான் விக்கிறது?"

"சிவப்பு, மாமா."

"அப்போ இந்த விளம்பரத்தைப் பாத்துட்டு வர்ற கஸ்டமருக்கு எதைக் குடுக்கட்டும்?"

எடிட்டர் புன்னகைத்தார். மாமனார் பெயிண்டு கடை முதலாளி. அவருடைய புதுச் சரக்கான மாதுளைச் சிவப்புக்கு ஒரு விளம்பரப் படம் வேண்டும். கடையின் புதுக் கிளைத் திறப்பு விழாவில் அது பெரிய திரையில் ஓட வேண்டும். ஊரார் படத்தையெல்லாம் வெட்டி ஒட்டும் மருமகன் வீட்டிலேயே இருக்கும்போது வெளியாள் எதற்கு என்று மகள் சண்டை போட்டு வாங்கிக் கொடுத்த வேலை இது. மாமனார் அரை மனதோடு, ஒரு நிபந்தனை போட்டுத்தான் ஒப்புக்கொண்டிருந்தார். படம் சொதப்பினால் மாப்பிள்ளை கணினியை மூட்டை கட்டிவிட்டு, கடையில் பெயிண்டு கலக்கும் இயந்திரத்தின் முன்னால் வந்து உட்கார்ந்துவிட வேண்டும்.

"மாமா, இது ரா வீடியோ," என்று எடிட்டர் ஆசையாக ஆரம்பித்தார். இதை விளக்கச் சொன்னால் அவருக்குச் சாப்பாடு வேண்டாம். "சாதாரண வீடியோவுல கேமராவே நிறத்தை முடிவு பண்ணி, சுருட்டிக் கையில குடுத்துடும். ரா-வுல அது வாயே திறக்காது. எந்தப் புள்ளியில எவ்வளவு வெளிச்சம் விழுந்துச்சுன்னு மட்டும் அளந்து அப்படியே வச்சுக்கும். அதனால முதல்ல சோகை புடிச்ச மாதிரிதான் தெரியும். நிறமெல்லாம் உள்ளே பத்திரமா இருக்கு, நாமதான் வெளிய எடுக்கணும். உங்க கடையில வெள்ளை டின்னுக்குள்ள கலரைப் பின்னாடி கலக்கறீங்கல்ல, அது மாதிரி."

"நாங்க கஸ்டமர் கண்ணு முன்னாடி கலக்குவோம், மாப்ளே."

"நானும் உங்க கண்ணு முன்னாடியே கலக்கறேன், பாருங்க."

எடிட்டர் குமிழ்களைத் திருகினார். திரையில் உருளையைப் பிடித்துக்கொண்டு சிரித்த பெயிண்டரின் முகத்தில் ரத்தம் ஓடியது. நடிகருக்கு ஏன் தண்டச் செலவு, நம்ம பெயிண்டருக்கே நல்ல பல்வரிசை என்று மாமனார்தான் அவரை நடிக்க வைத்திருந்தார். ஜன்னலோரச் செடி பச்சை கட்டியது. வாளி மஞ்சளாக மின்னியது. அவருக்குப் பின்னால் சுவர் மட்டும் சாம்பலாகவே நின்றது.

"எல்லாத்துக்கும் உயிர் வந்துடுச்சு. செவுத்துக்கு வரலையே?"

"வரும், மாமா. சிவப்பு கொஞ்சம் பிடிவாதக்கார நிறம்."

"செவப்பா பிடிவாதம்? படம் எடுத்த வாரமே நான் அந்த வீட்டுக்குப் போய்ப் பாத்தேன். செவுரு நெருப்பு மாதிரி தகதகன்னு இருந்துச்சு. உங்க பெட்டிக்குள்ள போனதும்தான் அணைஞ்சிருக்கு." மாமனார் செருப்பை மாட்டினார். "நாளைக்கு சாயங்காலம் வர்றேன்."

எடிட்டர் உடனே மைத்துனனை அழைத்தார். படம் பிடித்தது அவன்தான். தொழில் கற்றுக்கொடுத்தது இவர்.

"டேய், அந்தச் செவுரு என்ன கலர்டா?"

"எனக்கெப்படித் தெரியும் அத்தான்? கேமரா திரையைக் கறுப்பு வெள்ளையில வச்சா போகஸ் பளிச்சுன்னு தெரியும்னு நீங்கதானே சொன்னீங்க? அப்படியே வச்சுத்தான் எடுத்தேன்."

"முகத்துல ரெண்டு கண்ணு இருக்குல்ல? அதுல ஒண்ணாலகூடவா செவுத்தைப் பாக்கல?"

"ஒண்ணு கேமராவுல இருந்துச்சு. இன்னொண்ணை மூடிட்டேன்."

"பெயிண்டர் ஏதாவது சொன்னாரா?"

"என்னமோ சொன்னாரு. நான் வெளிச்சம் பாத்துட்டு இருந்தேன். கலரு உங்க இலாகா அத்தான்."

பெயிண்டரை அழைத்தால் போன் எடுக்கப்படவில்லை. மனிதர் ஏதோ ஒரு அடுக்குமாடியின் வெளிச்சுவரில் சாரத்தில் தொங்கிக்கொண்டிருந்தார். சாரம் ஏறும்போது போனைக் கீழேயே வைத்துவிடுவது அவர் வழக்கம்.

சரி, நிறத்தின் அடர்த்தியைக் கூட்டிப் பார்ப்போம் என்று எடிட்டர் கூட்டினார். செடி பிளாஸ்டிக் செடியானது. வாளி கண்ணைக் குத்தியது. பெயிண்டரின் முகம் மஞ்சள் தட்டியது. சுவர் அசையவில்லை.

எட்டிப் பார்த்த மனைவி, "ஐயோ, இவருக்கு எப்போ மஞ்சள் காமாலை வந்துச்சு?" என்றாள்.

அடுத்து, படம் முழுவதையுமே சிவப்புப் பக்கம் சாய்த்தார். சுவர் லேசாக வெட்கப்பட்டது. ஆனால் பெயிண்டரின் பற்கள் ரோஜா நிறமாகின.

"காமாலை போயிடுச்சு. இப்போ யாரையோ கடிச்சிட்டு வந்து நிக்கிறாரு."

"நீ கொஞ்சம் சும்மா இரேன்! நிஜச் சிவப்பு எப்படி இருக்கும்னு பக்கத்துல வச்சு ஒப்பிட்டாதான் சரியா வரும்."

கடையிலிருந்து ஒரு டின் வரவழைத்து, திரைக்குப் பின்னாலிருந்த சுவரில் பெரிய சதுரமாகப் பூசினார். மனைவி நெஞ்சில் கை வைத்துக்கொண்டாள். பெயிண்டு கடைக்காரரின் மகள் அல்லவா!

"அடிப்பூச்சா ஒரு பிரைமர்கூட அடிக்காம நேரா சிவப்பா? எங்கப்பா பாத்தா உங்களை மனுஷனாவே மதிக்க மாட்டாரு!"

"இப்பவும் ஒண்ணும் மதிச்சுடல."

எடிட்டிங் அறைகளின் சுவருக்குச் சாம்பல் நிறம் பூசுவதற்கு ஒரு காரணம் உண்டு. கண் ஒரே சிவப்பை வெகுநேரம் பார்த்தால் அதற்குச் சலித்துவிடும். பிறகு எதைப் பார்த்தாலும் பச்சை தட்டியதாகத் தோன்றும். இதை எடிட்டரே எத்தனையோ பேருக்கு விளக்கியிருக்கிறார். இப்போது அவர் கண் அந்தச் சதுரத்துக்கும் திரைக்குமாக ஓடி ஓடி, திரையில் பச்சை பச்சையாகத் தெரிய, அதை ஈடுகட்ட இன்னும் இன்னும் சிவப்பை ஊற்றினார்.

தேநீர் கொண்டுவந்த மனைவி டம்ளரை அங்கேயே வைத்துவிட்டு, "பெயிண்டர் வீட்டம்மாகிட்ட சொல்லியாச்சு. நாளைக்கு வந்து இந்தச் சதுரத்தை மூடிடுவாரு. அதுவரைக்கும் படத்துல இருக்கிற அவரை இதுக்கு மேல வேக வைக்காதீங்க," என்றாள்.

மறுநாள் எடிட்டர் கடைசி அஸ்திரத்தை எடுத்தார். சாம்பல் எங்கெல்லாம் இருக்கிறதோ அதை மட்டும் தேடிப் பிடித்துச் சிவப்பாக்கும்படி கணினிக்கு ஆணையிட்டார். கணினி கீழ்ப்படிந்தது. சுவர் மாதுளையாகச் சிவந்தது. எடிட்டர் துள்ளி எழுந்தார். அந்த நேரம் பார்த்து மாமனார் உள்ளே வந்து நாற்காலியில் அமர்ந்தார்.

படம் ஓடியது. மாமனார் கண்ணாடியைக் கழற்றித் துடைத்து மறுபடி மாட்டிக்கொண்டார்.

"மாப்ளே, செவப்பு சரியா இருக்கு."

"நன்றி, மாமா."

"பெயிண்டரோட உடம்பு எங்க?"

எடிட்டர் அப்போதுதான் கவனித்தார். பெயிண்டரின் சட்டை முழுக்க அதே சாம்பல் நிறம். சுவரோடு சட்டையும் சிவந்து கரைந்துபோயிருந்தது. ஒரு தலையும் இரண்டு கைகளும் மட்டும் சிவப்பு வெளியில் மிதந்தபடி உருளையை ஆட்டிச் சிரித்துக்கொண்டிருந்தன.

"இங்கதான், மாமா... செவுத்துக்குள்ள."

"செவுத்துக்குள்ள," என்று மாமனார் நிதானமாகச் சொல்லிப் பார்த்தார். "எங்க பெயிண்டு அடிச்சா ஆளையே முழுங்கிடும்னு ஜனங்க நினைக்கட்டும்னா? வேணாம் மாப்ளே. விழாவுக்கு நான் சும்மா பேனர் கட்டிக்கிறேன். நீங்க திங்கட்கிழமை கடைக்கு வந்துடுங்க. கலக்கற இயந்திரம் சுலபம். நம்பரைத் தட்டினா சொன்ன நிறம் வரும். விளக்கமெல்லாம் சொல்லாது."

மனைவி தரையைப் பார்த்தாள். எடிட்டர் செய்த மாற்றங்களை ஒவ்வொன்றாக அழித்தார். தலைக்கு உடம்பு திரும்பியது. பற்கள் வெளுத்தன. வாளி அடங்கியது. படம் அவர் முதன்முதலில் திருகி நிறுத்திய இடத்துக்கே வந்து சேர்ந்தது. முகம் முகமாக, செடி செடியாக, சுவர் அதே சாம்பலாக.

வாசலில் டின்னும் பிரஷுமாக யாரோ செருமினார்கள். பெயிண்டர்.

"அம்மா வரச் சொன்னாங்களாம். எந்தச் செவுரு?" என்று உள்ளே வந்தவர் திரையைப் பார்த்ததும் டின்னைக் கீழே வைத்துவிட்டார். "அட, நானு! சார், என்ன துல்லியம்! மூஞ்சி, வாளி, செவுரு, எல்லாம் அன்னிக்கு நேர்ல இருந்த மாதிரியே இருக்கே!"

எடிட்டர் மெல்லத் திரும்பினார். மாமனார் நாற்காலியிலிருந்து எழுந்தார்.

"யோவ், செவுருமா?"

"ஆமாங்க முதலாளி. 'இன்னிக்கு சாம்பல் பிரைமர்தான் அடிச்சிருக்கேன் தம்பி, நாளைக்கு செவப்பு அடிச்சதும் வந்து எடுங்க'ன்னு நான் படிச்சுப் படிச்சு சொன்னேன். 'நீங்க சும்மா சிரிங்கண்ணே, கலரெல்லாம் எங்க அத்தான் உள்ளேருந்து வெளிய எடுத்துடுவாரு'ன்னுட்டாரே!"