குடோனும் விற்காத வாள்களும்

கொள்ளையடித்த பொருளைக் குடோன் அண்ணனைப் போல ஒழுக்கமாகக் காப்பாற்றிய மனிதர் திண்டிவனம் வட்டாரத்தில் முன்னும் இல்லை, பின்னும் இல்லை. கொள்ளை என்றதும் பதற வேண்டாம். எல்லாம் கம்ப்யூட்டருக்குள் அடித்த கொள்ளை.

பாலிடெக்னிக் முடித்த கையோடு, மேம்பாலத்துக்குப் பக்கத்தில் ஒரு பிரவுசிங் சென்டரைப் பார்த்துக்கொள்ளும் வேலைக்குச் சேர்ந்திருந்தேன். செல்போனில் இன்டர்நெட் பரவாத காலம். காலையில் ரிசல்ட் பார்ப்பவர்கள் வருவார்கள், மதியம் பயோடேட்டா அடிப்பவர்கள், மாலையில் கேம் ஆடும் காலேஜ் பையன்கள். இந்த மூன்று வகையிலும் சேராத ஒருவர், ஒலக்கூர் பக்கத்தில் மல்லாட்டை, அதாவது நிலக்கடலை, போடும் விவசாயி, நாற்பதைத் தாண்டியவர், நிலப் பத்திரம் ஜெராக்ஸ் எடுக்க வந்தார். பஸ்ஸுக்கு நேரமிருந்ததால் பையன்களுக்குப் பின்னால் நின்று வேடிக்கை பார்த்தார். அடுத்த வாரம் வந்து நாலாம் நம்பர் மெஷின் முன்னால் துண்டை உதறிப் போட்டு உட்கார்ந்து, "அந்தக் கத்தி ஆட்டத்தப் போடும்மா" என்றார்.

கத்தி ஆட்டம் ஒரு மாயலோகம். அதில் நாம் ஒரு வீரன். குகைக்குள் போய் பூதங்களை வெட்டினால் வாள், கவசம், மோதிரம், மந்திரக் குப்பி என்று ஏதாவது கிடைக்கும். அதை ஊருக்குள் இருக்கும் கடைக்காரனிடம் விற்று, இன்னும் நல்ல வாளாக வாங்கி, இன்னும் பெரிய பூதத்தை வெட்ட வேண்டும். கடைசியில் ஒரு டிராகன். ஊர் உலகமெல்லாம் அப்படித்தான் ஆடியது. இவர் மட்டும் எதையும் விற்கவே மாட்டார்.

ஆட்டத்தில் வீரனுக்கு ஒரு வீடு உண்டு. கிடைத்ததெல்லாம் அங்கே போகும். வீரன் ஓரளவு பாரம்தான் தாங்குவான், அதற்கு மேல் ஏற்றினால் ஊர்ந்துதான் நகர்வான். அதெல்லாம் அவருக்கு ஒரு பொருட்டே இல்லை. குகைக்கும் வீட்டுக்கும் நடை நடையாக அடித்தார். வாள்கள் மேசை மேல், கவசங்கள் கட்டில் மேல், குப்பிகள் அலமாரியில். பூதத்தின் பல் மட்டும் தலையணையில். தரையில் ஒரு சாமான் கிடையாது.

"கீழ வச்சா இன்னாண்ணா?" என்று கேட்டேன்.

"தரையில ஓதம் ஏறி நமுத்துடாது?" என்று என்னைத் திருப்பிக் கேட்டார்.

அன்றைக்குத்தான் பையன்கள் அவருக்குக் குடோன் என்று பெயர் வைத்தார்கள். அவர் அதை ஒரு பதவி போல ஏற்றுக்கொண்டார்.

அந்த ஆட்டத்தில் எலிகளும் உண்டு. புதிதாக ஆடுகிறவர்கள் கை பழகுவதற்காக விட்டிருக்கும் எலிகள். அடித்தால் ஒன்றும் கிடைக்காது. மூன்று தலைப் பூதத்தைக் கண்டால் ஒதுங்கிப் போகிற குடோன், எலியைக் கண்டால் மலை ஏறியும் துரத்துவார். "அத வுட்டா ராவோட ராவா மூட்டையக் கொதறிடும்மா" என்பார். மாயலோகத்தில் மூட்டையே கிடையாது என்று சொல்ல எனக்கு மனம் வரவில்லை.

விற்கமாட்டாரே தவிர, வாரம் தவறாமல் விலை கேட்கப் போவார். கடைக்காரனுக்கு எப்போதும் ஒரே விலைதான்: உண்மை மதிப்பில் மூன்றில் ஒரு பங்கு. "யோவ், இத்தயே நீ விக்கிறப்போ இன்னா வெல சொல்ற?" என்று திரையைப் பார்த்து அதட்டுவார். பிறகு வீரனைத் திருப்பி, மெதுவாக வாசல் வரை நடத்திக்கொண்டு போய் நிறுத்துவார். யார் வெளியே போனாலும் 'மீண்டும் வருக, வீரரே' என்று ஆங்கிலத்தில் சொல்லும்படி செய்யப்பட்டவன் அந்தக் கடைக்காரன்.

"பாத்தியா, கூப்புடறான்!" என்று குடோன் உற்சாகமாகத் திரும்புவார். அதே விலை. மறுபடி வாசல், மறுபடி வருக. இப்படியே ஒரு நாள் ஊருக்குப் போகும் பஸ்ஸை விட்டார்.

"பெருசு, அவன் பொம்ம பெருசு! பொழுதுக்கும் நடந்துக்கினு இருந்தாலும் வெல ஏத்த மாட்டான்" என்றான் பக்கத்து மெஷின் பையன்.

"மண்டிக்காரன் மட்டும் இன்னாவாம்? நீ ஒன் ஆட்டத்தப் பார்றா."

கூட்டமில்லாத ஒரு மத்தியானம் நானும் கேட்டேன். "இவ்ளோ வச்சிக்கினு இன்னாண்ணா பண்ணப் போறீங்க? வித்துட்டு டிராகன அடிக்கலாமே."

மவுஸிலிருந்து கையை எடுக்காமலே சொன்னார். "மல்லாட்டை புடுங்கிக் களத்துல கொட்டுறோம். கொட்டுன அன்னிக்கே லாரி வந்து நிக்குது. வைக்க எடம் இல்ல, ஒரு மழை அடிச்சா மொளச்சிக்கும். அவன் சொல்ற வெலைக்கே தூக்கிக் குடுக்கிறோம். எங்கப்பா காலத்துலேர்ந்து அப்பிடித்தான். இங்க பாரு, மழையும் இல்ல, ஒரு பேஜாரும் இல்ல. எத்தினி நாள் வேணா வச்சிக்கலாம்." சொல்லிவிட்டு, இன்னொரு கவசத்தைக் கட்டில் மேல் அடுக்கினார்.

எத்தனை நாள் வேண்டுமானாலும் வைத்துக்கொள்ள முடியாது என்று எனக்கு முதலில் தெரிந்தது நாலாம் நம்பர் மெஷினால்தான். ஆட்டம் திறக்க வரவர நேரம் பிடித்தது. இரண்டு முறை பாதியில் நின்றது. ஆட்டம் இருந்த ஃபோல்டரைத் திறந்து பார்த்தேன். வீட்டில் அடுக்கிய ஒவ்வொரு சாமானையும் ஆட்டம் ஒரு ஃபைலில் எழுதி வைக்கிறது. அந்த ஃபைல் ஊதிப் போயிருந்தது. நகல் எடுத்தாலும் நகலுக்கும் அதே பாரம்தான்.

குடோன் வந்ததும் சொன்னேன். "பாதிக்கு மேல வித்தாத்தாண்ணா ஃபைல் நிக்கும். இல்லன்னா ஒரு நாள் தெறக்கவே தெறக்காது. வூடு, சாமான் எல்லாம் போயிடும்."

"எப்போ விக்கணும்?"

"இன்னிக்கே."

"அவன் சொல்ற வெலைக்கா?"

"ஆமாண்ணா."

"இங்கயுமா" என்றார்.

பக்கத்து மெஷின் பையன் தன் ஆட்டத்தை நிறுத்தினான்.

"டீ குடிச்சிட்டு வாங்கண்ணா" என்று அவரை அனுப்பினேன். கடைக்காரன் என்ன விலை கொடுக்க வேண்டும் என்பது ஒரு சின்ன ஃபைலில் இருந்தது. பையன்கள் பார்க்கவே நோட்பேடில் திறந்து, முழு மதிப்பையும் கொடுக்கும்படி மாற்றினேன்.

குடோன் வந்து உட்கார்ந்து, நல்ல வாள் ஒன்றைக் கடைக்காரன் முன் வைத்தார். விலை வந்தது. சுட்டது போல மவுஸை விட்டார்.

"இன்னாம்மா இது, இம்மாம் வெல சொல்றான்?"

"ஏறியிருக்கும்ணா."

"இத்தினி நாளு ஏறாதது டீ குடிக்கிற நேரத்துல ஏறுமா? இவன் தராசுல கை வச்சிட்டாம்மா. இல்லன்னா காசு நாளைக்கின்னுவான். வேணாம், எடுத்துடு."

மெஷின் மக்கர் பண்ணுகிறது என்று சொல்லி ஆட்டத்தை மூடினேன். விலையைக் குறைத்துத் திறந்தேன். திறக்கும்போதே ஃபைல் போய்விடுமோ என்று பயம் வேறு. முனகி முனகித் திறந்தது. குடோன் விலையைப் பார்த்தார். "இன்னும் இடிக்குதே" என்றார். மறுபடி மூடினேன், குறைத்தேன். பாதி மதிப்புக்கு வந்தும் அவருக்குச் சந்தேகம் தீரவில்லை. நல்லவனாக நடிக்கிற வியாபாரியைத்தான் அதிகம் பார்த்திருப்பார் போல.

கடைசியில் பழைய விலைக்கு மேல் துளியூண்டு வைத்தேன். அதற்கும் கீழே போனால் பழைய விலையேதான்.

குடோன் முன்னால் சாய்ந்து பார்த்தார். முகம் தெளிந்தது. "ஆங். இது மனுசன் சொல்ற வெல."

பொழுது சாயும்வரை விற்றார். ஒவ்வொரு வாளையும் ஒருமுறை திருப்பிப் பார்த்துவிட்டுத்தான் கொடுத்தார். வீடு பாதி காலியானதும் மூடித் திறந்தேன்; ஆட்டம் சட்டென்று திறந்தது. குடோன் எழுந்து, துண்டைத் தோளில் போட்டுக்கொண்டு பையன்களிடம் சொன்னார்: "பொம்மன்னீங்களே! குடுக்கலன்னு நின்னேன் பாரு, ஏத்திட்டாண்டா!"

எந்தப் பையனும் என்னைக் காட்டிக்கொடுக்கவில்லை.

இப்போது எனக்கு வேறு ஊரில் வேலை. எப்போதாவது மல்லாட்டைக்கு நல்ல விலை என்று செய்தி வரும். குடோன் அதை நம்பி விற்றிருக்க வேண்டுமே என்று அன்று முழுக்க மனசு அடித்துக்கொள்ளும்.