கோழிக்குத் தீர்ந்த சிலிண்டர்

பெருமதிப்பிற்குரிய மூத்த மச்சான் சுமார்தோ அவர்களின் சமூகத்திற்கு, கலிஜம்புவிலிருந்து தங்கள் தங்கையின் கணவன் வர்தோயோ சலாம் கூறி எழுதிக்கொள்வது. இறைவன் அருளால் தாங்களும் அண்ணி ரும்யாத்தியும் லாம்புங்கில் மிளகுக் கொடிகளோடு நலமாக இருப்பீர்கள் என்று நம்புகிறேன். இங்கு நாங்கள் இருவரும் நலம் என்று எழுதுவதுதான் மரபு. முப்பத்தோரு வருடம் வட்ட அலுவலகத்தில் குமாஸ்தாவாக இருந்து ஒரு மரபையும் மீறாதவன் நான். ஆனால் இந்த முறை இருவரில் ஒருவர்தான் நலம். அதுவும் நான்.

தங்கள் தங்கை சுஹர்னிக்குக் கருப்பை வாயில் புற்றுநோய் என்று சென்ற வாரம் தொலைபேசியில் சொன்னேன். மூன்று வருடம் முன்பே அங்கே ஒரு வெள்ளைப் பொட்டைப் பார்த்துவிட்டார்கள் என்பதையும் வாய் தவறிச் சொல்லிவிட்டேன். "மூணு வருஷமா என்னய்யா பண்ணிக்கிட்டிருந்தே?" என்று ஒரே ஒரு கேள்வி கேட்டு போனை வைத்துவிட்டீர்கள். நியாயமான கேள்வி. அதற்கு முறைப்படி எழுத்தில் பதில் தருகிறேன். படித்து முடித்ததும் குற்றவாளி யார் என்று தங்களுக்கே விளங்கும்.

அந்த வருடம் டிசம்பரில், அன்னையர் நாளுக்கு எங்கள் சுகாதார நிலையத்தில் இலவசப் பரிசோதனை என்று எங்கள் தெருச் சுகாதாரத் தொண்டர் ஜுமீரா வீடு வீடாக வந்தாள். "ரெண்டே நிமிஷம்க்கா, வலிக்காது, சோத்துப் பெட்டி உண்டு, குடையும் உண்டு" என்றாள். மேலதிகாரியின் மனைவி வருகிறார் என்பதால் பெண்கள் எல்லாரும் பெருநாள் ரவிக்கையும் பாத்திக் கைலியும் கட்டி, கொண்டை போட்டு, பூச்சூடிப் போனார்கள். போனதும் எல்லாவற்றையும் அவிழ்க்கச் சொன்னார்களாம். செவிலி எண்டாங் பஞ்சில் வினிகரைத் தொட்டுத் தடவியபோது, "ஏம்மா, இது வெள்ளரிக்கா ஊறுகாய்க்கு ஊத்துறதுதானே?" என்று உங்கள் தங்கை கேட்டிருக்கிறாள். "அதேதான்க்கா, மொளகா மட்டும் போட மாட்டோம்" என்று அவள் சொல்ல, வரிசையே சிரித்திருக்கிறது. ஒரு நிமிடம் கழித்து எண்டாங் சிரிக்கவில்லை. வெள்ளையாக ஒரு பொட்டு. "பயப்படாதீங்கக்கா, இது புத்துநோய் இல்ல. இப்படியே விட்டாத்தான் சில வருஷத்துல ஆயிடும். சிலிண்டர் வாயுவ வச்சு இப்பவே உறைய வச்சுட்டா பத்து நிமிஷத்துல தீந்துடும்" என்று சொல்லி சிலிண்டரைத் திருகினாள். காற்றுதான் வந்தது, அதுவும் பெருமூச்சு அளவுக்கு. ஏனென்றால் மச்சான், அன்று காலை அந்தக் கருவி எப்படி வேலை செய்கிறது என்று அதிகாரிகளுக்குக் காட்ட, ஒரு கோழியின் நெஞ்சுக்கறியை மேசையில் வைத்து உறைய வைத்திருக்கிறார்கள். ஒரு அதிகாரி தாமதமாக வந்ததால் அவருக்காக இன்னொரு தரம். போட்டோ சரியாக விழவில்லை என்று மூன்றாம் தரம். அந்தக் கோழிக்குக் கருப்பை வாய்ப் புற்று வராது என்பதற்கு நான் உத்தரவாதம். என் மனைவி ஒரு குடையோடு வீடு திரும்பினாள்.

சிலிண்டர் நிரப்ப நகரத்துக்குப் போனது. அங்கே அதே வாயுவை வாங்கும் சோடாக்காரர்களுக்குத்தான் முதல் மரியாதையாம். பொம்பளை நோய்க்கு அப்புறம்தான். அது எப்போது திரும்பி வந்தது என்று எனக்குத் துல்லியமாக நினைவில்லை. பிறகு மழை, பிறகு நோன்பு, பிறகு பெருநாள், என் தங்கை மகள் கல்யாணம், என் ஓய்வூதியக் காகிதங்கள் என்று ஏதேதோ காரணங்களால் தள்ளிப் போயிற்று. அதையெல்லாம் விரித்தால் தாள் போதாது.

அடுத்த அன்னையர் நாளுக்கு, பொட்டு தானாகவே மறைந்திருக்குமோ என்று பார்த்து வர நானே அவளைக் கூட்டிப் போனேன். பேரேட்டு முன் இருந்தவள், "அக்கா, உங்க பேரு போன வருஷமே ஏறிடுச்சே. இந்த வருஷத்துக்குப் புது ஆளுங்க நூறு பேரு வேணும். பாத்தவங்களையே பாத்தா மேல எங்களத் திட்டுவாங்க" என்றாள். "பொட்டு இருக்குன்னு அதுலேயே எழுதியிருக்குதேம்மா?" என்றேன். "இருக்கு. அதான் பாத்தாச்சே" என்றாள். மச்சான், நானும் அரசாங்க உப்பைத் தின்றவன்தான். ஆனால் இப்படி ஒரு பதிலை என் பணிக்காலத்தில் நானே சொன்னதில்லை. இரண்டாவது குடையும் கிடைத்தது. மூன்றாம் வருடம் போனால் எண்டாங்கையே காணோம். அது குழந்தைகளின் உயரம் அளக்கிற வருடமாம், எல்லாச் செவிலிகளும் அளவுகோலோடு ஊர் ஊராகப் போய்விட்டார்கள். என் பேரன்கள் நல்ல உயரம், அதில் குறையொன்றும் இல்லை.

இந்த வருடம் நோன்பு முடிந்த வாரம் அவளுக்கு உதிரம் போக ஆரம்பித்தது. சின்ன ஆஸ்பத்திரிக்குப் போனால் நடு ஆஸ்பத்திரிக்குக் கடிதம், நடு ஆஸ்பத்திரியில் பெரிய ஆஸ்பத்திரிக்குக் கடிதம். பெரிய ஆஸ்பத்திரிக்குப் போய்ச் சேர்ந்தபோது சின்ன ஆஸ்பத்திரிக் கடிதம் காலாவதி, திரும்ப முதலிலிருந்து வா என்றார்கள். பஸ்ஸில் அவள் என் தோளில் சாய்ந்து, "ஏங்க, எறங்கி வீட்டுக்கே போயிடலாமா?" என்றாள். போகவில்லை. புதுக் கடிதங்களோடு மறுபடி பெரிய ஆஸ்பத்திரிக்குப் போனால், கதிர்வீச்சு வைக்கிற இயந்திரம் ஒன்றே ஒன்று, காத்திருக்கும் பெண்கள் இருநூற்றுச் சொச்சம், எங்கள் முறை வர ஐந்து மாதம். "அது வரைக்கும் நோய் பொறுத்துக்கிட்டு நிக்குமா சார்?" என்று கேட்டேன். அங்கிருந்த குமாஸ்தா தலையை நிமிர்த்தாமலே, "நம்பர் வந்ததும் கூப்புடுவோம், போய் உக்காருங்க" என்றான். முப்பத்தோரு வருடம் நான் சொன்ன அதே வார்த்தை, அதே குரல்.

ஆக, குற்றம் கோழியுடையது, தாமதமாக வந்த அதிகாரியுடையது, போட்டோக்காரனுடையது, சோடாக்காரனுடையது, பேரேட்டினுடையது. என் பக்கம் எள்ளளவும் பிசகில்லை என்று பணிவோடு தெரிவித்துக்கொள்கிறேன். அண்ணிக்கும் பிள்ளைகளுக்கும் என் அன்பு. தங்கள் மிளகு தழைக்கவும், தங்கள் தங்கை பிழைக்கவும் ஐவேளைத் தொழுகையிலும் கேட்டுக்கொண்டிருக்கும்,
வர்தோயோ

பின்குறிப்பு: தபாலில் சேர்க்குமுன் சுஹர்னி இதை வாங்கிப் படித்தாள். படித்துவிட்டு, "கோழியப் பத்தி இம்புட்டு எழுதியிருக்கீங்க. மேச டிராயரப் பத்தி ஒரு வரிகூட இல்லையே?" என்றாள். அதனால் எழுதுகிறேன்.

சிலிண்டர் திரும்பி வந்த தேதி எனக்கு நன்றாக நினைவிருக்கிறது. அடுத்த மாதமே, ஜனவரி பத்தாம் தேதி, நிறைந்தே வந்தது. ஆனால் விழா நாள் போக மற்ற நாட்களில் எங்கள் ஊரில் கணவன் கையெழுத்துப் போட்ட சம்மதத் தாள் இல்லாமல் கருவியைத் தொட மாட்டார்கள். எண்டாங் அந்த மாதம் பிரசவ விடுப்பில் இருந்ததால், உறைய வைக்கப்போகிறவர் ஒரு ஆண் டாக்டர், அதுவும் இளைஞர். தாளோடு ஜுமீரா நான்கு முறை வந்தாள். முதல் முறை கண்ணாடி உடைந்துவிட்டது என்றேன். இரண்டாம் முறை, படிவத்தில் வார்டு எண் விடுபட்டிருக்கிறது என்று திருப்பி அனுப்பினேன். மூன்றாம் முறை பெருநாள் முடியட்டும் என்றேன். "அண்ணே, திங்கக்கெழம வா, புதன்கெழம வான்னா வந்து நிக்கிறதுக்கு நோய் என்ன உங்க ஆபீசுக்கு வந்த ஆளா?" என்று கேட்டுவிட்டுப் போனாள். நான்காம் முறை நான் குளியலறையில் இருந்தேன். அவள் போகும் வரை குளித்தேன். தாளை வைத்துவிட்டுப் போனாள். நான் அதை டிராயரில், ஓய்வூதியக் காகிதங்களுக்கு அடியில் வைத்தேன். அடுத்த வருடம் பேரேட்டுக்காரி இன்னொரு வார்த்தையும் சொன்னாள்: "புருஷன் கையெழுத்து இன்னும் வரலியே சார்." அதை மேலே எழுத விட்டுப்போயிற்று.

"நீ ஏன் ஒரு தடவகூட வாயத் தொறந்து கேக்கல?" என்றேன் இன்று. "கேட்டா மூஞ்சத் தூக்கி வச்சுக்கிட்டு ரெண்டு நாளு சாப்பிட மாட்டீங்க" என்றாள்.

தாளை எடுத்துச் சற்றுமுன் கையெழுத்துப் போட்டேன். தேதி, வார்டு எண், எல்லாம் சரியாக இருக்கிறது. இனி அது எதற்கும் ஆகாது.

இத்துடன் கையெழுத்துப் போடாத படிவம் ஒன்றும் வருகிறது, ஜுமீராவிடம் சுஹர்னி கேட்டு வாங்கியது. அண்ணி ரும்யாத்தி உடனே பரிசோதனைக்குப் போக வேண்டுமாம், இது தங்களுக்காம். இங்கத்துப் படிவம் அங்கே செல்லாது என்று முன்னாள் குமாஸ்தா என்ற முறையில் எடுத்துச் சொன்னேன்.

"செல்லாட்டிப் போகுது. அண்ணன் கையெழுத்துப் போட்டுப் பழகட்டும்" என்றாள்.